நாகப்பட்டினத்து வாசல், ஸ்காட்லாந்துக் குன்றின் மேல்

ஸ்காட்லாந்தின் வடபகுதியில் அல்நெஸ் என்று ஒரு சிறிய ஊர். அதன் பின்னால் ஃபைரிஷ் என்ற குன்று நிற்கிறது. உயரம் 453 மீட்டர். பைன் மரக்காட்டுக்குள் நுழைந்து ஏறத் தொடங்கினால் சற்று நேரத்தில் மரங்கள் முடிந்து புதர் மண்டிய மேட்டுவெளி வந்துவிடும். வார இறுதிகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் ஏறுகிறார்கள். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் க்ரோமார்ட்டி கடல்கழியும், பழுதுபார்க்க நிறுத்தியிருக்கும் எண்ணெய்த் துரப்பண மேடைகளும் தெரியும். இன்னொரு பக்கம் பென் விவிஸ் மலை.

அந்த உச்சியில் அவர்களை எதிர்கொள்வது ஒரு வாசல். கருங்கல்லாலும் மண்ணின் கல்லாலும் எழுப்பிய உயரமான தூண்கள், நடுவில் மூன்று வளைவுகள். வீடும் இல்லை, கோட்டையும் இல்லை. எந்த ஊருக்குள்ளும் இட்டுச் செல்லாத வாசல் அது.

அது நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் நகல்.

நான் அந்தக் குன்றில் ஏறியதில்லை. படங்களில் பார்த்தேன், ஏறியவர்கள் எழுதியதைப் படித்தேன். நாகப்பட்டினம் எனக்குப் பழக்கமான ஊர். அங்கே டச்சுக்காரர்களின் கோட்டை இன்று இல்லை. ஊரில் இல்லாத வாசல், எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் குளிர்காற்றில் நிற்கிறது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தவர் யார், கல் சுமந்தவர்கள் யார், இந்த இரண்டு கேள்விகளையும் தொடர்ந்து போனால் நம்முடைய நிலப் பிரச்சினைக்கே வந்து சேர்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

வாசலின் சொந்தக்காரர்

ஹெக்டர் மன்றோ 1726இல் பிறந்தவர். ஃபைரிஷ் அடிவாரத்தில் உள்ள நோவர் எஸ்டேட்டின் சொந்தக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் போர்களில் பெயர் எடுத்த தளபதி. 1764இல் வங்காளத்தில் சிப்பாய்கள் கலகம் செய்தபோது, இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்க உத்தரவிட்டவர் இவர்தான். அதே ஆண்டு பக்சார் போரில் வென்றார். 1778இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியைப் பிடித்தார். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படை கம்பெனிப் படையின் ஒரு பிரிவை அழித்தபோது, பக்கத்திலேயே இருந்தும் உதவிக்குப் போய்ச் சேராமல் போனவரும் இவரே. கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அந்தத் தோல்வியின் கறையைக் கழுவ ஒரு வெற்றி தேவைப்பட்டது. 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினம் பிடிபட்டது. கடலில் எட்வர்ட் ஹியூஸின் கப்பல்கள், தரையில் மன்றோவின் படை.

ஊர் திரும்பிய மன்றோ, தன் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் குன்றின் உச்சியில் அந்த வெற்றியைக் கல்லில் நிறுத்தினார்.

அவர் பிடித்த நாகப்பட்டினம் எப்படிப்பட்டது? 1658இல் டச்சுக் கம்பெனி அதைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றியது. 1690இல் பழவேற்காட்டிலிருந்து தன் சோழமண்டலத் தலைமையகத்தை அங்கே மாற்றியது. துணி ஏற்றுமதி பற்றி எல்லாப் பாடநூல்களும் சொல்லும். மனித ஏற்றுமதி பற்றிச் சொல்லாது. 1659 முதல் 1661 வரை பீஜப்பூர் படையெடுப்புகளால் தஞ்சைப் பகுதி பாழாகிப் பஞ்சம் வந்தபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு முதலான துறைமுகங்களில் டச்சுக் கம்பெனி எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேரை அடிமைகளாக வாங்கியது. பெரும்பாலோர் இலங்கைக்கும், ஒரு பகுதியினர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் கப்பல் ஏற்றப்பட்டார்கள். பஞ்சத்தில் முதலில் விலைபோவது யார் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வயலில் உழைத்தும் வயல் இல்லாதவர்கள், சேர்த்துவைக்க உரிமை இல்லாதவர்கள், ஏற்கெனவே பண்ணையின் உடைமையாக எண்ணப்பட்டவர்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைய சென்னைப் படையில் பறையர் சமூகத்தவர் கணிசமாக இருந்தார்கள். தன் ஊரில் குளத்துத் தண்ணீர் மறுக்கப்பட்டவர், கம்பெனியின் துப்பாக்கியைத் தூக்கி இன்னொருவரின் கோட்டையைப் பிடித்துக் கொடுத்தார். வெற்றியின் நினைவுச் சின்னம் தளபதிக்குப் போனது.

கல் சுமந்தவர்கள்

இனி அந்தக் குன்றுக்குத் திரும்புவோம். 1782இல் ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் விளைச்சல் பொய்த்தது. அடுத்த ஆண்டும் பசி. இதே காலத்தில்தான் ஹைதர் அலியுடனான போரில் சென்னையைச் சுற்றியுள்ள நம் பகுதிகளும் எரிந்து பஞ்சத்தில் கிடந்தன. வாசலின் இரண்டு பக்கமும் பட்டினி.

மலைநாட்டு மக்கள் கேலிக் மொழி பேசியவர்கள். சிறு குத்தகைதாரர்கள். கொஞ்சம் ஓட்ஸ், கொஞ்சம் மாடு, கோடையில் மேட்டு நிலங்களில் மேய்ச்சல். நிலம் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் குலத்துக்குச் சொந்தம் என்று நம்பினார்கள். சட்டத்தின் கண்ணில் அது குலத்தலைவரின் தனிச்சொத்து. அந்தத் தலைவர்கள் செம்மறியாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் பல மடங்கு பணம் வரும் என்று கண்டுகொண்ட காலம் அது. மக்கள் தேவையற்றவர்கள் ஆனார்கள்.

வேலையில்லாமல் பசியோடு இருந்த இந்த மக்களுக்கு வேலை கொடுக்கத்தான் மன்றோ வாசலைக் கட்டினார் என்று அந்தப் பகுதியில் சொல்வார்கள். நாள் கூலி ஒரு பென்னி என்பது வழக்கு. இன்னொரு கதையும் உண்டு. வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது, மக்களுக்கு இன்னும் சில நாள் கூலி கிடைக்கட்டும் என்று, மேலே ஏற்றிய கற்களை மன்றோவே கீழே உருட்டிவிட்டாராம். அவர்கள் மறுபடியும் சுமந்து ஏறினார்களாம்.

இந்தக் கதை உண்மையா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அது எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். பிரபுவின் இரக்கத்துக்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. நான் படித்தபோது என் நினைவுக்கு வந்தது நம் ஊர் ஆண்டைகளைப் பற்றிய கதைகள்தான். "பஞ்ச காலத்துல குளம் வெட்டச் சொல்லிக் கஞ்சி ஊத்துனாரு, புண்ணியவான்" என்று நம் பாட்டிகளும் சொல்லியிருக்கிறார்கள். கஞ்சி ஊற்றியதைச் சொல்லும் கதை, கஞ்சிக்குக் கையேந்தும் நிலை எப்படி வந்தது என்று சொல்லாது. நிலம் கையில் இருந்தவனுக்கு அந்தக் கல்லைச் சுமக்கும் அவசியமே வந்திருக்காது. சமூகப் பணி படிக்கும் நண்பர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். நிவாரணம் வேறு, உரிமை வேறு. நிவாரணத்தில் கொடுப்பவர் பெயர் கல்லில் ஏறும். வாங்கியவர் பெயர் எங்கும் இருக்காது.

பத்து ஆண்டு கழித்து

அந்த இரக்கம் எவ்வளவு தூரம் போனது என்பதற்குச் சாட்சியாக ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஃபைரிஷுக்குப் பின்புறம் கில்டர்மோரி என்ற இடம். மன்றோவின் எஸ்டேட்டைச் சேர்ந்தது. அதை அவர் வெளியூர்க்காரர்களான கேமரூன் சகோதரர்களுக்குச் செம்மறியாட்டுப் பண்ணைக்காகக் குத்தகைக்கு விட்டார். பக்கத்துப் பள்ளத்தாக்கான ஸ்ட்ராத்ரஸ்டேல் மக்களின் மாடுகள் வழக்கமாக மேய்ந்த இடத்துக்குப் போனபோது, கேமரூன்கள் பிடித்து அடைத்தார்கள். பொதுவாக இருந்தது ஒரே நாளில் அத்துமீறல் ஆனது. மக்கள் திரண்டு போய் மாடுகளை மீட்டு வந்தார்கள்.

1792 ஜூலை இறுதியில் அவர்கள் அதற்கு மேலும் போனார்கள். ராஸ், சதர்லாண்ட் பகுதிகளில் உள்ள எல்லாச் செம்மறியாடுகளையும் ஓட்டிக்கொண்டு போய்த் தெற்கே எல்லைக்கு வெளியே விட்டுவிடுவது என்று முடிவெடுத்தார்கள். ஆட்டைத் திருடவில்லை, கொல்லவில்லை. தங்களை வெளியேற்ற வந்ததை வெளியேற்றப் பார்த்தார்கள். சில நாட்களில் ஆயிரக்கணக்கான ஆடுகள் திரட்டப்பட்டன. கேலிக் மொழியில் அந்த ஆண்டுக்கே "ஆடுகளின் ஆண்டு" என்று பெயர் நிலைத்துவிட்டது.

அரசு ராணுவத்தை அனுப்பியது. வந்தது 42ஆம் படைப்பிரிவு, "பிளாக் வாட்ச்" என்று பெயர் பெற்றது. 1787 முதல் அந்தப் படைப்பிரிவின் கர்னல் பொறுப்பில் இருந்தவர் ஹெக்டர் மன்றோ. படையில் இருந்தவர்களோ அதே மலைநாட்டு ஏழைகளின் பிள்ளைகள். படை வருவது தெரிந்து மக்கள் இரவோடு இரவாகக் கலைந்தார்கள். சிலர் பிடிபட்டார்கள். இன்வர்னெஸில் வழக்கு நடந்தது, நாடுகடத்தல் தண்டனையும் விதிக்கப்பட்டது. தண்டனை பெற்றவர்கள் சிறையிலிருந்து தப்பினார்கள். பிறகு பிடிபடவே இல்லை. ஊர் அவர்களைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

பச்சைத் திட்டுகள்

ஆடுகளின் ஆண்டு தோற்றபின் வெளியேற்றம் வடக்கே பரவியது. ஃபைரிஷ் ஊருக்குப் பக்கத்துக் குன்று. உண்மையிலேயே ஒதுங்கிய மலை வேண்டுமென்றால் சதர்லாண்டின் நடுவில் உள்ள பென் கிளிப்ரெக்கைச் சொல்லலாம். 962 மீட்டர். சுற்றிலும் பல மைலுக்கு மனிதச் சத்தம் குறைவு. "மனிதன் தொடாத இயற்கை" என்று பயணப் புத்தகங்கள் புகழும் வகை நிலம். மேலிருந்து பார்த்தால் கீழே நேவர் ஏரி, அதிலிருந்து வடக்கே போகும் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கு. பழுப்பு நிறப் புதர்வெளிக்கு நடுவே ஆங்காங்கே பளிச்சென்ற பச்சைத் திட்டுகள். இறங்கிப் போய்ப் பார்த்தால் முழங்கால் உயரத்தில் கல் சுவர்களின் அடித்தடம். வீடுகள். தலைமுறைகள் எருப்போட்டு உழுத மண் இருநூறு ஆண்டு கழித்தும் பச்சையாக இருக்கிறது. மனிதன் தொடாத நிலம் அல்ல அது, மனிதர்களைத் துரத்திய நிலம்.

1814 ஜூனில் சதர்லாண்ட் எஸ்டேட்டின் காரியஸ்தர் பேட்ரிக் செல்லர் ஆட்களோடு ஸ்ட்ராத்நேவருக்கு வந்தார். மக்கள் திரும்பி வந்து குடியேறிவிடாதபடி கூரை மரங்கள் எரிக்கப்பட்டன. மரம் அரிதான அந்த நாட்டில் கூரை மரம்தான் வீட்டின் உயிர். படுக்கையில் கிடந்த ஒரு மூதாட்டியின் வீட்டுக்கும் தீ வைக்கப்பட்டது, அவர் சில நாட்களில் இறந்தார் என்பது செல்லர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. 1816இல் இன்வர்னெஸில் விசாரணை. நடுவர் குழுவில் பெரும்பாலும் நிலக்காரர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும். செல்லர் விடுதலையானார். காலி செய்யப்பட்ட நிலத்தில் பெரிய ஆட்டுப் பண்ணை நடத்தியவர்களில் அவரும் ஒருவர்.

மூலதனம் நூலில் மார்க்ஸ் இந்த சதர்லாண்ட் கணக்கை எழுதியிருக்கிறார். 1814 முதல் 1820 வரை ஏறக்குறைய 3,000 குடும்பங்கள், 15,000 மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1825இல் அவர்கள் இடத்தில் 1,31,000 செம்மறியாடுகள்.

செல்லர் வழக்கைப் படித்தபோது கீழ்வெண்மணியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதுவும் இன்றைய நாகப்பட்டினம் மாவட்டம்தான். 1968 டிசம்பர் 25 அன்று, கூலி கேட்டுச் சங்கமாகச் சேர்ந்ததற்காக, ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். நிலக்கிழார்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலை ஆனார்கள். இரண்டு நாடு, இரண்டு நூற்றாண்டு. நெருப்பு வைத்தவரைக் "கண்ணியமான மனிதர்" என்று நம்பும் நீதி மட்டும் ஒன்றே.

கண்ணாடியில் கீறியது

ஃபைரிஷிலிருந்து வடமேற்கே க்ரோயிக் என்ற தனித்த இடத்தில் ஒரு சிறு தேவாலயம் உண்டு. மலையேறுபவர்கள் தேடிப் போய்ப் பார்க்கும் இடம். 1845 மே மாதத்தில் க்ளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் போக இடமில்லாமல் அந்தக் கல்லறை முற்றத்தில் துணிக்கூடாரம் போட்டுத் தங்கின. ஜன்னல் கண்ணாடியின் வெளிப்புறத்தில் சிலர் கீறி எழுதியது இன்றும் படிக்கும்படி இருக்கிறது. அதில் ஒரு கீறல் அங்கே தங்கியவர்களைத் தீய தலைமுறை என்று சொல்கிறது.

துரத்தியவனைத் தீயவன் என்று எழுதவில்லை. தங்களையே எழுதிக்கொண்டார்கள். போதகர்கள் பலர் நிலப்பிரபுவின் தயவில் நியமனம் பெற்றவர்கள். இது உங்கள் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை, பணிந்து போங்கள் என்று போதித்தவர்கள் அவர்களில் உண்டு. நமக்கு இது புதிதா? முற்பிறவி வினை என்ற சொல்லால் இரண்டாயிரம் ஆண்டாக நம்மிடம் செய்த வேலை அதுதான். நிலத்தைப் பறிக்கக் காவலர்கள் போதும். பறிகொடுத்தவன் தன்னையே குற்றவாளியாக நினைக்க மதம் தேவைப்படுகிறது.

ஒப்பிடலாம், ஒன்றாக்கக் கூடாது

இதுவரை படித்த சில தோழர்கள், "அப்படியானால் அவர்களும் நம்மைப் போலத்தான்" என்று சொல்லக்கூடும். இங்கே நிதானம் வேண்டும்.

வெளியேற்றப்பட்ட மலைநாட்டவர்களில் ஏராளமானோர் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த நிலம் மிக்மாக் முதலான பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது. சதர்லாண்ட் குத்தகைதாரர்களின் பிள்ளைகளைக் கொண்டு 1799இல் உருவான 93ஆம் படைப்பிரிவு 1857இல் லக்னோவில் கிளர்ச்சியை நசுக்கியது. சவுத் உயிஸ்ட், பாரா தீவுகளை வாங்கி மக்களை வெளியேற்றிய ஜான் கார்டன், கரீபியனில் அடிமைகளை வைத்திருந்து, அடிமைமுறை ஒழிந்தபோது அதற்கு இழப்பீடு வாங்கியவர். கறுப்பின மக்களின் உழைப்பில் வந்த பணம் கேலிக் மக்களின் கூரையைப் பிரித்தது.

அதைவிட முக்கியமான வேறுபாடு உண்டு. மலைநாட்டு விவசாயி ஊரைவிட்டுப் போனதும், மொழியை விட்டதும், அடுத்த தலைமுறையில் வெறும் வெள்ளைக்காரராக ஆக முடிந்தது. சேரியிலிருந்து கப்பல் ஏறி இலங்கை மலைத்தோட்டத்துக்குப் போனவரோடு சாதியும் கூடவே ஏறிப் போனது. வறுமை இடம் மாறினால் உதிரலாம், சாதி உதிராது. பாபாசாகேப் அம்பேத்கர் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று சொன்னதை விட்டுவிட்டு, வர்க்கம் என்ற ஒற்றைச் சொல்லால் இரண்டையும் மூடிவிடக் கூடாது.

ஒப்பிடுவதன் பயன் வேறு. அவர்கள் எப்படி நிலத்தின் மீது உரிமை பெற்றார்கள், நமக்குக் கிடைத்தது ஏன் நிற்கவில்லை என்று கேட்பதற்கு.

நேப்பியர் பாலத்துக்காரர்

சென்னையில் கூவம் கடலோடு சேரும் இடத்தில் நேப்பியர் பாலம். கடற்கரைக்குப் போகும்போது எத்தனை முறை கடந்திருப்போம். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த ஃபிரான்சிஸ் நேப்பியரின் பெயர் அது. ஊர் திரும்பிய பிறகு அவர் செய்த ஒரு வேலையை இங்கே யாரும் பேசுவதில்லை.

1882இல் ஸ்கை தீவில் பிரேஸ் என்ற ஊர் மக்கள், தங்களிடமிருந்து பறிக்கப்பட்ட பென் லீ குன்றின் மேய்ச்சல் உரிமையைத் திருப்பித் தரும்வரை குத்தகை கட்ட மாட்டோம் என்றார்கள். நோட்டீசுடன் வந்தவரை மறித்து அதை எரிக்க வைத்தார்கள். கைது செய்யக் கிளாஸ்கோவிலிருந்து ஐம்பது போலீஸ்காரர்கள் வந்தார்கள். கல்லோடும் கம்போடும் முன்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தச் செய்தி நாடெங்கும் பரவியது. 1883இல் அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. அதன் தலைவர் நேப்பியர்.

குழுவின் முதல் அமர்வு பிரேஸிலேயே. முதல் சாட்சி அங்கஸ் ஸ்டூவர்ட். பேசத் தொடங்கும் முன் அவர் ஒன்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னால் என்னை நிலத்திலிருந்து வெளியேற்ற மாட்டார்கள் என்று உறுதி தருவீர்களா? அதைத் தரும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. அங்கேயே இருந்த எஸ்டேட் காரியஸ்தரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அதன் பிறகே அவர் பேசினார். வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகளோடு உட்கார்ந்திருக்கும் எவருக்கும் அந்தக் கேள்வியின் எடை தெரியும். சாட்சி சொல்லும் அன்று இரவு அவர் போய்ப் படுக்கும் வீடு யாருடைய நிலத்தில் இருக்கிறது?

குழு மாதக்கணக்கில் தீவு தீவாகப் போய் மக்கள் வாய்மொழியைப் பதிவு செய்தது. 1884இல் அறிக்கை. அதே ஆண்டில் வாக்குரிமை விரிவானது. 1885 தேர்தலில் குத்தகைதாரர் இயக்கத்தின் வேட்பாளர்கள் சிலர் நிலப்பிரபுக்களின் ஆட்களைத் தோற்கடித்து நாடாளுமன்றம் போனார்கள். 1886இல் சட்டம் வந்தது. வெளியேற்ற முடியாத குத்தகை, வாரிசுக்கு உரிமை, தனி ஆணையம் நிர்ணயிக்கும் நியாயமான வாடகை, செய்த மேம்பாட்டுக்கு ஈடு. ஆணையம் ஊர் ஊராகப் போய் வாடகையைக் குறைத்தது, நிலுவையில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தது.

ஒரு குறை இருந்தது. ஏற்கெனவே குத்தகை நிலம் வைத்திருந்தவர்களுக்கே சட்டம் காவல். நிலமே இல்லாமல் மற்றவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த காட்டர்கள் வெளியே நின்றார்கள். அதன்பின் பல ஆண்டுகள் நிலத்தில் இறங்கிப் போராடியவர்களில் அவர்களே முன்னணி. குத்தகைதாரருக்குப் பாதுகாப்பு, கூலிக்குக் கைவிரிப்பு என்ற இந்தக் கதை தமிழ்நாட்டில் எப்படி நடந்தது என்பதைத் தனியே எழுத வேண்டும்.

ஆறு ஆண்டு கழித்து, இங்கே

1886 அங்கே. 1892 இங்கே. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். மிராசு உரிமை பேசும் சாதிகள் தரிசு நிலத்தைக்கூட இவர்களுக்குப் பட்டா ஆகவிடாமல் தடுப்பதையும், குடியிருக்கும் மனைகூட இவர்களுக்குச் சொந்தமில்லை என்பதையும் அது காட்டியது. அதே பகுதியில் இந்தக் கேள்வியைத் தொடர்ந்து எழுப்பியவர்களில் ஆடம் ஆண்ட்ரூ என்ற பாதிரியார் ஒருவர், ஸ்காட்லாந்தின் சுதந்திரத் திருச்சபையைச் சேர்ந்தவர். போதகரை நிலப்பிரபு நியமிக்கக் கூடாது என்று 1843இல் பிரிந்து வந்த திருச்சபை அது.

1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணையின் வழியில் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன. பிற வகுப்பாருக்கு விற்றால் செல்லாது என்பது நிபந்தனை.

காகிதத்தில் பார்த்தால் இது 1886 சட்டத்தைவிடத் துணிச்சலானது. அது இருந்த நிலத்தைக் காத்தது, இது இல்லாதவருக்கு நிலம் கொடுத்தது. பிறகு ஏன் அது நின்றது, இது கரைந்தது?

என் பதில் இது. அங்கே சட்டத்துக்கு முன்னால் இயக்கம் இருந்தது, பின்னால் ஊருக்கே வரும் ஆணையம் இருந்தது. சட்டத்தின் பயன் பெற்றவரின் கையில் வாக்கும் இருந்தது. இங்கே ஆணை இருந்தது, அதைக் காக்கும் பொறுப்பு கர்ணத்திடமும் மணியக்காரரிடமும் இருந்தது. அதாவது யாரிடமிருந்து காக்க வேண்டுமோ அவர்களிடமே. நிபந்தனையை மீறிக் கைமாறிய ஒவ்வொரு ஏக்கருக்கும் ஓர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்து இருக்கிறது. அதை மீட்கக் கேட்டபோது நடந்ததும் நமக்குத் தெரியும். 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில், செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ட்ரெமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே செங்கல்பட்டு.

நடக்கும் உரிமை

ஸ்காட்லாந்திலும் கதை முடிந்துவிடவில்லை. இன்றும் அங்கே கிராமப்புறத் தனியார் நிலத்தில் பெரும்பகுதி சில நூறு பேர் கையில்தான். ஆனால் 1993இல் அசின்ட் குத்தகைதாரர்கள் பணம் திரட்டித் தங்கள் எஸ்டேட்டையே வாங்கினார்கள். 1997இல் எய்க் தீவு மக்கள் தங்கள் தீவை வாங்கினார்கள். 2003இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஊர்ச் சமூகம் நிலத்தை வாங்கும் உரிமை அதில் உண்டு. இன்னொரு பகுதி, யாருடைய நிலமானாலும் பொறுப்போடு நடந்து செல்ல எவருக்கும் உரிமை உண்டு என்கிறது. ஃபைரிஷ் ஏறும் குடும்பத்தை யாரும் மறித்து "யார் வீட்டுப் பிள்ளை நீ" என்று கேட்க முடியாததற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம்.

செருப்பணிந்து ஒரு தெருவில் நடந்ததற்காக அடி வாங்கியவர்களின் வாக்குமூலங்களை எழுதியவள் நான். அதனால் நடக்கும் உரிமை என்ற சொல் எனக்கு உல்லாசமாகத் தெரியவில்லை.

இதைப் படிக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் ஊரின் அ-பதிவேட்டைப் பாருங்கள். நிபந்தனைப் பட்டா, டி.சி. நிலம் என்ற குறிப்பு எந்தச் சர்வே எண்களில் இருக்கிறது, பழைய பதிவில் இருந்து புதிய பதிவில் காணாமல் போனவை எவை, இன்று யார் பெயரில் இருக்கின்றன என்று எழுதி வையுங்கள். காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பிறகு உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்: இந்த ஏரிக்கரைக்கு மண் சுமந்தது யார், அந்தக் கோயில் மதிலுக்குக் கல் ஏற்றியது யார். சொல்லும் பெயர்களையும் எழுதி வையுங்கள்.

ஃபைரிஷ் உச்சியில் கல் ஏற்றியவர்களில் ஒருவர் பெயர்கூட நான் படித்த எதிலும் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றப்பட்டவர்களின் பெயரும் இல்லை. தளபதியின் பெயர் மட்டும் இரண்டு கண்டங்களிலும் இருக்கிறது.